கட்டையில் ஒரு வருடம், குழலில் இன்னொரு வருடம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய ராணுவத் துப்பாக்கிகள் பற்றியவை. பரணில் கிடைத்த ஒரு துண்டு, கண்காட்சியில் பார்த்த ஒரு முத்திரை, ஊருக்குப் போன இடத்தில் யாரோ காட்டிய ஒரு ரைபிள், இப்படி. மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் கல்லூரி என்.சி.சி. அறையில் பயிற்சிக்கு வைத்திருக்கும் த்ரீ நாட் த்ரீ ரைபிள் ஒன்றில், விசைக்கு மேலே இரும்பில் ‘1917’ என்று இருக்கிறது. குழலில் ‘44’ என்று இருக்கிறது. போல்ட்டில் உள்ள எண் வேறு எதோடும் சேரவில்லை. இது எந்த வருடத்துத் துப்பாக்கி சார்?
– திருச்சியிலிருந்து ஒரு மாணவர்

மூன்றையும் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள், அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். நிறைய பேர் 1917 என்று ஒன்றைப் பார்த்ததும் முதல் உலகப் போர்த் துப்பாக்கி என்று எழுதி மாட்டிவிடுவார்கள்.

நீங்கள் சொல்வது லீ-என்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ ரைபிளின் குட்டை வகை. பின்கட்டை வந்து சொருகும் இரும்புக் கழுத்து இருக்கிறதே, பட் சாக்கெட் என்பார்கள், அதன் வலப்பக்கம்தான் இந்தத் துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழ். மேலே கிரீடம், அதன் கீழே அரசரின் எழுத்துகள், அப்புறம் தொழிற்சாலையின் பெயர், வருடம், கடைசியில் வகை. அரசரின் எழுத்து ‘இ.ஆர்.’ என்றிருந்தால் ஏழாம் எட்வர்டு காலம், அதாவது 1910க்குள். ‘ஜி.ஆர்.’ என்றால் அதற்குப் பிறகு. நம் ஊரில் மேற்கு வங்காளத்தின் இச்சாப்பூரில் செய்தவற்றில் ‘ஜி.ஆர்.ஐ.’ என்று ஒரு எழுத்து கூடுதலாக இருக்கும், அந்த ‘ஐ’ இந்தியாவின் சக்கரவர்த்தி என்பதற்காக. சுதந்திரத்துக்கு அப்புறம் குடியரசானதும் கிரீடம் போய் அசோகர் சிங்கத் தூண் வந்துவிட்டது, பெயரும் ‘ஆர்.எஃப்.ஐ.’ (ரைபிள் ஃபேக்டரி இச்சாப்பூர்) என்று சுருங்கிவிட்டது. ஆகவே கிரீடமா சிங்கமா என்று பார்த்தாலே ஒரு பெரிய கோடு கிழித்துவிடலாம்.

வகை ‘III’ என்று இருக்கிறதா, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் இருக்கிறதா என்று பாருங்கள். மார்க் என்றால் வடிவத்தின் வரிசை எண். மூன்றாம் மார்க் 1907ல் வந்தது. போர் தொடங்கி ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தபோது, செய்ய நேரம் பிடிக்கும் சில உறுப்புகளை 1915-16 வாக்கில் கழற்றிவிட்டார்கள். அந்த எளிதாக்கிய வடிவத்துக்குத்தான் நட்சத்திரம். போனவற்றில் முக்கியமானது வாலி சைட், முன்கட்டையின் இடப்பக்கம் வட்டமாக ஒரு டயல். அதில் 1,700 முதல் 2,800 கெஜம் வரை குறித்திருக்கும். அவ்வளவு தூரத்தில் ஒரு ஆளைக் குறிபார்க்க முடியாது, ஒரு அணி முழுக்க ஒரே நேரத்தில் ஒரு இடத்தைப் பார்த்துச் சுடுவதற்காக வைத்த ஏற்பாடு அது. டயல் இல்லாவிட்டாலும் அது உட்கார்ந்திருந்த இடம் சில கட்டைகளில் இருக்கும். அதே மாதிரி, தோட்டாப் பெட்டியை மறைக்கும் கட்-ஆஃப் தகடு கழன்று போயிருந்தாலும் ரிசீவரின் (குழலும் போல்ட்டும் பொருந்தும் நடு இரும்பு உடல்) வலப்பக்கத்தில் அதற்கென்று வெட்டிய நீளமான பிளவு அப்படியே இருக்கும். உறுப்பு போனாலும் அதன் இடம் பேசும். கட்டைக்கும் ரிசீவருக்கும் வயது ஒத்துப்போகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

இப்போது குழல். ‘44’ என்பது 1944. ராணுவத் துப்பாக்கியில் குழல் என்பது சைக்கிளுக்கு டயர் மாதிரி. கார்டைட் மருந்தின் சூடும், அந்தக் காலத்துத் தோட்டாவின் பற்றவைப்பு மருந்து விட்டுப்போகும் உப்பும் சேர்ந்து உள்ளே இருக்கும் சுருள்வரிகளைத் தின்றுவிடும். தேய்ந்ததும் பட்டறையில் கழற்றிப் புதிய குழலை முறுக்கி, அதில் ரிசீவரின் எண்ணையே திரும்ப அடிப்பார்கள். குழலின் பருத்த அடிப்பகுதியில், இடப்பக்கம் இருக்கும் இரண்டு இலக்கம் அந்தக் குழல் செய்த வருடம். உங்கள் துப்பாக்கி 1917ல் பிறந்து, 1944லோ அதற்குப் பிறகோ குழல் மாற்றிக்கொண்டது.

போல்ட், அதாவது கைப்பிடியால் முன்னும் பின்னும் தள்ளித் தோட்டாவை உள்ளே அனுப்பி அடைக்கும் உருளை, அதுதான் சுவையான இடம். அதன் கைப்பிடியின் அடியில், பின்பக்கமாக எண் இருக்கும். ஒவ்வொரு போல்ட்டையும் அதன் ரிசீவரில் வைத்து உரசிப் பொருத்துவார்கள், அதனால்தான் ஒரே எண். பழைய எண்ணின் மேல் கோடு அடித்துப் புது எண் அடித்திருந்தால் அது திருட்டு வேலை இல்லை, பட்டறையில் முறையாக மாற்றியது என்று அர்த்தம். கோடு ஏதும் இல்லாமல் சம்பந்தமே இல்லாத எண் இருந்தால், எப்போதோ பத்துப் பதினைந்து துப்பாக்கிகளை ஒன்றாகப் பிரித்துத் துடைத்துப் போட்டபோது கை மாறியிருக்கிறது. பயிற்சிக்கு ஒதுக்கிய துப்பாக்கிகளில் இது சர்வ சாதாரணம். கட்டையிலோ ரிசீவரிலோ ‘டி.பி.’ என்று அடித்திருக்கிறதா பாருங்கள், ட்ரில் பர்ப்பஸ் என்பதன் சுருக்கம் அது. இனி சுடக் கூடாது என்று ராணுவமே ஒதுக்கியதற்கான முத்திரை. ஒட்டாத போல்ட், ஒதுக்கிய குழல் இரண்டும் சேர்ந்த ஒரு துப்பாக்கியில் யாரும் விளையாட்டுக்குக்கூடத் தோட்டா போடக் கூடாது.

நேரம் இருந்தால் முனையில் பயனட் மாட்டும் மூக்கு உறுப்பு, பின் சைட்டின் தகடு, முன்கட்டையின் அடிப்பக்கம் மூன்றிலும் எண் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், பொறுப்பு அதிகாரியின் அனுமதியோடு. எந்தெந்த உறுப்பு ஒரே எண்ணோடு நிற்கிறது, எது வெளியிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதினால், ஒரே துப்பாக்கிக்குள் எத்தனை துப்பாக்கிகள் இருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

தாத்தா வீட்டுப் பரணில் துப்பாக்கியின் பின்கட்டை மட்டும் கிடைத்தது. குழல், இரும்பு எதுவும் இல்லை. அடியில் பித்தளைத் தகடு, அதில் ஒரு சின்னக் கதவு. பக்கவாட்டில் காசு மாதிரி ஒரு பித்தளை வில்லை. இது என்ன, இதை வைத்திருப்பது தப்பா?
– காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால் இதுவும் லீ-என்ஃபீல்டின் பின்கட்டைதான் அம்மா. அந்தச் சின்னக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு குழி, எண்ணெய்ப் புட்டியும் குழலுக்குள் விட்டு இழுக்கும் கயிறும் வைக்கிற இடம். உள்ளே பித்தளை எண்ணெய்ப் புட்டி இன்னும் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், பல வீடுகளில் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

வலப்பக்கத்து வில்லைதான் உங்கள் கட்டையின் பெரிய சொத்து. எந்தப் படைப்பிரிவு, அதில் எத்தனையாவது ஆயுதம் என்பதை அதில்தான் பொறிப்பார்கள், சிலவற்றில் மாதமும் வருடமும்கூட இருக்கும். போர்க்காலத்தில் எளிதாக்கியபோது இந்த வில்லையும் போய்விட்டது, ஆகவே வில்லையோடு இருக்கும் கட்டை பெரும்பாலும் அதற்கு முந்தியது. கட்டையின் மேல்விளிம்பில், பித்தளைத் தகட்டுக்குச் சற்று முன்னால் ‘எஸ்’, ‘எல்’, ‘பி’ என்று ஏதாவது எழுத்து குத்தியிருக்கும். எஸ் என்றால் குட்டை, எல் என்றால் நெட்டை, பி என்றால் பேன்டம், அதாவது எஸ்ஸையும்விடக் குட்டை. சிப்பாயின் கை நீளத்துக்குத் தகுந்தபடி கட்டை கொடுத்தார்கள், சட்டைக்கு அளவு மாதிரி. எழுத்து ஏதும் இல்லாவிட்டால் சாதாரண அளவு.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில், வேறு உறுப்புகளோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாமல் சில்லறை பாகங்களை வைத்திருப்பதற்கு 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலத்து ஆயுதத்துக்கும் அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. மரக்கட்டையும் தகடும் உங்களைச் சிக்கலில் மாட்டாது. ஆனால் பரணை முழுக்கத் தேடும்போது குழலோ போல்ட்டோ ரிசீவரோ கிடைத்தால் கதை வேறு, அவை துப்பாக்கியாகவே கணக்கு. ‘சுட முடியாது’ என்று நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. உடனே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் உரிமம் பற்றியோ அருங்காட்சியகம் பற்றியோ யோசிக்கலாம்.

பழைய துப்பாக்கித் தகட்டில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. புளி போட்டுத் தேய்க்கலாமா?
– கும்பகோணம் வாசகர்

வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி சரி, இதற்கு இல்லை. புளி, செங்கல் பொடி, உப்புத்தாள், கம்பி நார், கடையில் விற்கும் பித்தளை பாலிஷ் எதையும் இதன் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். முத்திரை என்பது தகட்டின் தோலில் இருக்கும் பள்ளம், அரை மயிர் ஆழம்கூட இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை தேய்த்துத் தேய்த்து, நான் போய்ப் பார்த்தபோது நான்கு இலக்க வருடத்தில் முதல் இரண்டு மட்டும்தான் மிச்சம். ‘18’. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அந்த வீட்டு அம்மா பாசமாகத்தான் செய்திருக்கிறார், திட்டவும் மனசு வரவில்லை, ஆனால் போனது போனதுதான்.

விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைத் தகட்டின் பக்கவாட்டில், கிட்டத்தட்ட படுக்க வைத்து அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத எழுத்து, சாய்ந்து விழும் வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்கும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் லேசாக உரசினாலும் அச்சு வரும். துரு இருந்தால் மெல்லிய எண்ணெய் இரண்டு துளி விட்டு இரண்டு நாள் ஊறவிட்டு, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுங்கள். மரத்துக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள், மரத்தில் குத்திய வட்ட முத்திரைகள் அதில் மூழ்கிவிடும்.

வடக்கே போனபோது ஒரு பழம்பொருள் கடையில் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி பார்த்தேன். கிரீடம், ‘வி.ஆர்.’, ‘என்ஃபீல்ட்’, ‘1919’ என்று எல்லாம் இருந்தது. கடைக்காரர் அசல் என்று சத்தியம் செய்தார். நம்பலாமா?
– கோவை வாசகர்

வி.ஆர். என்றால் விக்டோரியா ராணி. அவர் இறந்தது 1901 ஜனவரி 22. பதினெட்டு வருடம் கழித்து அரசுத் தொழிற்சாலை அவர் பெயரை எப்படி அடிக்கும்? அதோடு, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் பழைய ரைபிளான மார்ட்டினி-ஹென்றியை பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றது 1871ல், இரண்டாம் மார்க் 1877, மூன்றாம் மார்க் 1879, நான்காம் மார்க் 1888. 1919ல் பிரிட்டிஷ் படை கையில் இருந்தது லீ-என்ஃபீல்ட்.

நீங்கள் பார்த்தது கைபர் கணவாய்ப் பக்கம், தர்ரா ஆதம் கேல் போன்ற ஊர்களில் அரமும் சுத்தியும் வைத்துக் கையாலேயே செய்தது. முன்னால் ஒரு அசலை வைத்துக்கொண்டு அச்சு அசலாகச் செய்வார்கள், ஆங்கில எழுத்து தெரியாததால் முத்திரையை ஒரு சித்திரம் மாதிரி பார்த்து வெட்டுவார்கள். அதனால் ‘என்’ என்ற எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருக்கும், ‘என்ஃபீல்ட்’ என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கும், எழுத்துகள் ஒரே வரியில் நிற்காது, கிரீடம் பலாப்பழம் மாதிரி இருக்கும். தொழிற்சாலையில் ஒரே குத்தில் விழுந்த முத்திரையின் ஆழம் எங்கும் சமமாக இருக்கும், இங்கே உளிபட்ட இடங்கள் தெரியும். திருகாணிகளையும் பாருங்கள், ஒரு துளைக்குரியது இன்னொன்றில் ஏறாது.

அசல் என்று விலை கொடுக்காதீர்கள், அதோடு நிஜமாகவே சுடக்கூடியதாக இருந்தால் உரிமம் இல்லாமல் தொடவே கூடாது. ஆனாலும் இதைப் ‘போலி’ என்று ஒரே சொல்லில் ஒதுக்க எனக்கு மனம் இல்லை. கடைசல் எந்திரம்கூட இல்லாத ஒரு குடிசையில் இதை ஒருவர் செய்து முடித்திருக்கிறார். இங்கிலாந்தில் செய்தது என்று சொல்லாமல், எல்லைப்புறத்துக் கொல்லர் வேலை என்று சரியான சீட்டு எழுதி வைத்தால் அதுவும் பார்க்கத் தகுந்த பொருள்தான்.

எங்கள் பழைய வீட்டில் சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்று சுவரில் மாட்டியிருக்கிறது. விசைத்தகட்டில் ஒரு சிங்கம் பின்னங்காலில் நிற்கிறது. கட்டபொம்மன் காலத்தது என்று பெரியப்பா சொல்கிறார். உண்மையா?
– திருநெல்வேலி வாசகர்

பெரியப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். நிற்கும் சிங்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை, அதைக் கம்பெனி பயன்படுத்தத் தொடங்கியது 1808ல். அதற்கு முன்னால் இருந்தது இதய வடிவம், உள்ளே கோடுகளால் பிரித்து எழுத்துகள். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபரில், ஊமைத்துரையின் போர் 1801ல் முடிந்துவிட்டது. அப்போது கம்பெனிச் சிப்பாய்கள் தோளில் இருந்தவற்றில் இதயம்தான் இருந்திருக்கும். ஆகவே உங்கள் விசைத்தகடு அதற்கு ஏழெட்டு வருடமாவது பிந்தியது.

விசைத்தகடு என்று மட்டும்தான் சொன்னேன், துப்பாக்கி முழுக்க என்று சொல்லவில்லை. குழலை அளந்து பாருங்கள். 39 அங்குலம் இருந்தால் ‘இந்தியா பேட்டர்ன்’ என்ற வகை, முதலில் கம்பெனிக்காகச் செய்து, பிரான்சோடு போர் வந்தபோது பிரிட்டிஷ் ராணுவமே எடுத்துக்கொண்டது. கல்லைக் கவ்வும் குதிரையின் கழுத்து அன்னம் மாதிரி வளைந்து ஒல்லியாக இருந்தால் பழைய வடிவம், நடுவில் துளையோடு வளையம் போலத் தடித்திருந்தால் பிரிட்டிஷ் ராணுவம் 1809 வாக்கில் கொண்டுவந்த வலுவான வடிவம். சென்னை கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கே இருக்கும் பழைய ஆயுதங்களோடு உங்கள் படத்தை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். சுவரில் மாட்டியிருக்கும் வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிகளில் நூறு வருடத்துக்கு முன்னால் இடித்த மருந்தும் குண்டும் அப்படியே இருக்கலாம், கறுப்பு மருந்து காய்ந்திருந்தால் இன்றும் வெடிக்கும். குழல்வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு ஒரு மரக்குச்சியை உள்ளே மெதுவாக விட்டு, வாய் விளிம்பில் குறி போட்டு வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். குச்சி, குழலின் அடியில் நெருப்பு உள்ளே போகும் பற்றுத் துளை வரைக்கும் எட்ட வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. தோண்டாதீர்கள், தட்டாதீர்கள், காவல் துறைக்குச் சொல்லி ஆயுதம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பரிசோதித்து முடியும் வரை பிள்ளைகளை அந்த அறையில் விட வேண்டாம்.

1853 மாடல் என்ஃபீல்ட் ரைபிள் என்று ஒரு கண்காட்சியில் வைத்திருந்தார்கள். குழலுக்குள் சுருள்வரியே இல்லை. ஏமாற்றா?
– மதுரை வாசகர்

இல்லை. 1857ல் சிப்பாய்கள் எழுந்தார்களே, அந்தத் தோட்டாக் கலகத்தின் துப்பாக்கியே 1853 என்ஃபீல்ட்தான், .577 அங்குலச் சுருள்வரிக் குழல். அது அடங்கியதும் பிரிட்டிஷ்காரர்களுக்கு வந்த பயத்தில், இந்தியச் சிப்பாய்களுக்குத் தூரம் போகும் துப்பாக்கி வேண்டாம் என்று முடிவு செய்து, அதே உருவத்தில் உள்ளே வழுவழுப்பாக .656 அங்குலத்துக்குக் குடைந்த குழல்களைக் கொடுத்தார்கள். தூரத்துக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்கும் பின் சைட்டுக்குப் பதில் அசையாத சைட். நீங்கள் பார்த்தது அந்த வகையாக இருந்தால் கண்காட்சிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர்ச்சீட்டுதான் தப்பு, துப்பாக்கி தப்பில்லை. உள்ளே வரி இல்லாத அந்தக் குழலே, ஒரு அரசு தன் சொந்தப் படையை எவ்வளவு நம்பவில்லை என்பதற்குச் சாட்சி.

நேபாளத்திலிருந்து வந்த பழைய ரைபிள் ஒன்றில் நாகரி எண்ணில் 1945 என்று இருந்தது. ஆனால் உருவம் மார்ட்டினி மாதிரி. இரண்டாம் உலகப் போரில் இதையா வைத்திருந்தார்கள்?
– வெலிங்டனிலிருந்து ஓய்வுபெற்ற ராணுவத்தினர்

அது நேபாளத்தில் வழங்கும் விக்ரம சகாப்தத்து வருடம் சார். 57ஐக் கழியுங்கள், 1888. ஏப்ரல் நடுவில் அங்கே வருடம் பிறப்பதால் கடைசி மூன்று நான்கு மாதங்களுக்கு 56ஐக் கழிக்க வேண்டும், ஆகவே 1888-89. உருவம் மார்ட்டினி மாதிரி இருந்தாலும் உள்ளே இயங்கும் உறுப்புகள் வேறாக இருந்தால் அது கஹேந்திரா, ஜெனரல் கெஹேந்திர ஷம்ஷேர் வடிவமைத்து நேபாளத்திலேயே கையால் செய்தது. காத்மாண்டுவின் பழைய லகன் சிலேகானா கிடங்கில் பல்லாண்டுகள் அடுக்கிக் கிடந்து, 2003 வாக்கில் மொத்தமாக விற்றபோது இவை உலகம் முழுக்கப் போயின.

பக்கத்து வீட்டுக் கனடியப் பெரியவர் தன் அப்பாவின் ரைபிளைக் காட்டினார். ‘லாங் பிராஞ்ச் 1943’ என்று இடப்பக்கம் இருக்கிறது. ஆனால் சில பாகங்களில் சதுரத்துக்குள் ‘எஸ்’ இருக்கிறது. அது ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.
– டொரொன்டோவிலிருந்து ஒரு வாசகி

லாங் பிராஞ்ச் உங்கள் பக்கத்து ஊர்தான். லீ-என்ஃபீல்டின் நான்காம் எண் ரைபிளைப் போர்க்காலத்தில் அங்கே செய்தார்கள், வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். அதன் சொந்த உறுப்புகளில் ‘எல்.பி.’ என்று சேர்த்து எழுதிய குறி இருக்கும், கனடா அரசின் சொத்து என்பதற்கு ‘சி’ எழுத்துக்குள் அம்புக்குறி. சதுரத்துக்குள் எஸ் என்பது அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருந்த சாவேஜ் தொழிற்சாலை. இரண்டும் ஒரே வரைபடத்தின்படி செய்தவை, பட்டறையில் எது கைக்குக் கிடைத்ததோ அதைப் பொருத்தியிருப்பார்கள். ரிசீவர் லாங் பிராஞ்ச் என்பதால் துப்பாக்கி லாங் பிராஞ்ச்தான்.

குழலுக்குள் எத்தனை வரி என்று பெரியவரை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், போல்ட்டைக் கழற்றி, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு. ஐந்துக்குப் பதில் இரண்டே இரண்டு வரி இருந்தால் பயப்பட வேண்டாம், போர்க்கால அவசரத்தில் நேரம் மிச்சப்படுத்த அப்படியும் செய்தார்கள். அந்தத் தொழிற்சாலையின் சோதனைக் கட்டடம் மிசிசாகாவில் லேக் ஷோர் சாலையில் இன்னும் நிற்கிறது, இப்போது கலைக்கூடமாக இருக்கிறது. பெரியவரையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், அவர் அப்பாவின் ரைபிள் பிறந்த இடம் அது.